அஃப்ரீனுக்கு அத்தா செய்த வில்

“அவ ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?”

திருச்சி விமான நிலையத்துக்குப் போகும் வேனுக்காக அய்யம்பேட்டை கடைத்தெருவில் பெட்டியோடு நின்றபோது ஜாஃபர் சாதிக் இப்படிக் கேட்டார். அவர் மகள் அஃப்ரீனோடு ஒரே வகுப்பில் படித்த என்னிடம்தான் கேட்டார். வேன் வந்தது, ஏறிப் போய்விட்டார். அதன் பிறகு ஒவ்வொருவரிடமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதை வைத்து, அவருக்கு நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

ஜாஃபர் சாதிக் ஷார்ஜாவில் மரவேலை பார்த்தவர். கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளிலேயே விமானம் ஏறியவர். அஃப்ரீன் பிறந்த செய்தியைப் போனில்தான் கேட்டார். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வருவார். பெட்டியைத் திறந்து சாமான்களைப் பங்கு வைப்பார், கல்யாண வீடுகளுக்குப் போய் வருவார், வீட்டுக்கு வெள்ளையடிப்பார். அதற்குள் லீவு முடிந்துவிடும். ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் வாழ்ந்தார்கள் என்பதால் இது யாருக்கும் பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

ஷார்ஜாவில் அவருக்கு நல்ல பெயர். ஹோட்டல்களின் வரவேற்பு மேசை வளைந்து வளைந்து போகுமே, அது அவர் கைவேலை. மரத்தைச் செதுக்கி அப்படி வளைக்க முடியாது. காகிதம் போலச் சீவிய பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பசை தடவி அடுக்கி, அச்சில் வைத்து இறுக்கிக் காயவிட வேண்டும். காய்ந்த பிறகு அது ஒரே மரம். அச்சிலிருந்து எடுத்தாலும் வளைவு போகாது.

கம்பெனி நொடித்துப்போனதும் விசாவை கேன்சல் செய்து அனுப்பிவிட்டார்கள். இந்த முறை திரும்பிப் போகும் தேதி இல்லாமல் வந்தார். இனி ஊரிலேயே இருந்துவிடலாம், மகளோடு இருக்கலாம் என்று மனதுக்குள் சந்தோஷம்தான். ஆனால் வீட்டில் அவர் கூடத்துக்குள் நுழைந்தால் அஃப்ரீன் நாற்காலியை விட்டு எழுந்துகொண்டாள். டிவி சத்தம் குறைந்தது. தண்ணீர் கேட்டால் தம்ளரைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். அம்மாவை “நீ, வா” என்று அதட்டுகிற பிள்ளை, அவரை “நீங்க, வாங்க” என்றாள். தன் சொந்த வீட்டில் சம்பந்திபோல உட்கார்ந்திருப்பதாக முருகையனிடம் சொல்லி ஒரு நாள் சிரித்தார். முருகையன் அவருடைய பள்ளிக்கூடத்துச் சேக்காளி. பாபநாசம் சாலையில் மரக்கடை வைத்திருப்பவர்.

அஃப்ரீன் பள்ளியில் வில்வித்தை பழகுகிறாள் என்பதே அவருக்கு வந்த பிறகுதான் தெரியும். மனைவி சைத்தூன் பீவியிடம் கேட்டார். டீச்சரம்மா வீடு தேடி வந்து கேட்டாங்க, முழுக்கை போட்டு மூடித்தானே ஆடுறா என்று விட்டேன் என்றார் அவர். ஜாஃபருக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாளே பள்ளிக்கூடத்து வாசலில் போய் நின்றார். அது பெண்கள் பள்ளி. ஆண்கள் யாராக இருந்தாலும் கேட்டோடு சரி. விளையாட்டு ஆசிரியை மங்களாம்பிகை அங்கே வந்து பேசினார்.

தஞ்சாவூரில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றார் டீச்சர். தேர்வானால் தங்க இடம், பயிற்சி, கல்லூரியில் சீட்டு, எல்லாம் அவர்கள் பொறுப்பு. அஃப்ரீனுக்கு வயது வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது. பிள்ளை நன்றாகத்தான் எய்கிறாள், ஆனால் பள்ளியில் இருக்கும் மூங்கில் வில் நோஞ்சான். கிட்ட இருக்கும் இலக்கு சரி, தூர இலக்குக்கு அம்பு போய்ச் சேராது. நல்ல வில்லை வடக்கேயிருந்து வரவழைக்க வேண்டும். அதற்குள் தேர்வே முடிந்துவிடும்.

“அளவ மட்டும் சொல்லுங்க. நான் செஞ்சிடறேன்.”

டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “பாய், இது கட்டில் கால் இல்லீங்க.”

“கட்டில் கால் கஷ்டம்ங்க. நாலும் ஒரே மாதிரி நிக்கணும். இது ஒண்ணுதானே.”

டீச்சர் சிரித்துவிட்டார். நீளம் இவ்வளவு, இழுவைக்கு இத்தனை கனம் என்று சொன்னார். பள்ளி வில்லை ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துப்போய்ப் பார்த்துக்கொள்ளவும் அனுமதித்தார். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தால் பிடிக்கிற கையைப் பார்த்து அளவெடுத்துக்கொள்ளலாம் என்றார்.

“என் பொண்ணுதானேங்க. அவ அளவு எனக்குத் தெரியாதா?”

அவளுக்குத் தெரியாமல் செய்து கையில் கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. இதுவரை அவர் கொடுத்ததெல்லாம் கடையில் வாங்கியது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்த சமயம். முருகையன் கடையின் பின்பக்கக் கொட்டகையில் வேலை தொடங்கியது. பச்சை மூங்கில் ஆகாது. பந்தல்காரர் ஒருவரின் கிடங்கில் பல கோடை கண்ட முற்றிய கழிகளாகத் தட்டித் தட்டிப் பார்த்து எடுத்தார். பிளந்து, கணுவைச் சீவி, இரண்டு பட்டைகள் எடுத்தார். நடுவில் வைக்கத் தேக்குச் சீவல். கைப்பிடிக்கு வேங்கைக் கட்டை. பள்ளி வில்லின் வளைவைப் பலகையில் வரைந்து, ஒட்டுப்பலகையில் அச்சு வெட்டினார். பசை அச்சில் பிடித்துவிடாமல் இருக்க பிளாஸ்டிக் தாளைச் சுற்றினார். மூங்கில், தேக்கு, மூங்கில் என்று அடுக்கி, பழைய சைக்கிள் ட்யூபை நாடாவாக அறுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்து இழுத்துச் சுற்றினார். ரப்பர் கொடுக்கும் இறுக்கத்தை எந்தக் கயிறும் கொடுக்காது.

வெளியே சம்பா வயலெல்லாம் தண்ணீர். காற்றே ஈரமாக இருந்தது. இந்த ஈரத்தில் பசை காயாது என்று ஒரு தகரப் பெட்டி செய்து, உள்ளே குண்டு பல்புகளை எரியவிட்டு, அச்சோடு வில்லை அதற்குள் வைத்தார்.

“என்ன மச்சான், கோழிக்குஞ்சு பொரிக்கப் போறியா?” என்றார் முருகையன்.

“பொரிச்சா உனக்கும் ஒண்ணு தரேன், போடா.”

பிரித்தபோது மூன்று மரமும் ஒன்றாகியிருந்தன. அதன் பிறகுதான் உண்மையான வேலை. கொட்டகைத் தூணில் வில்லை மாட்டி, நாணில் கயிறு கட்டி, தள்ளி நின்று கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பார்ப்பார். மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே அளவு வளைய வேண்டும். கீழ்பாதி சொன்ன பேச்சு கேட்கவில்லை. விறைத்துக்கொண்டு நின்றது. உடைந்த கண்ணாடிச் சில்லால் அதை மட்டும் சுரண்டுவார், மறுபடி இழுப்பார், சுவரில் போட்ட கோட்டோடு ஒப்பிடுவார். அவசரப்பட்டு ஒரு சுரண்டல் கூடிவிட்டால் திரும்ப ஒட்டவைக்க முடியாது. தேர்ந்த வேலைக்காரர் என்பதால் அவர் அவசரப்படவில்லை.

கடைசியில் அம்பு உட்காரும் வெட்டு. பள்ளி வில்லில் அது கிடையாது. வெறும் கழிபோல இருப்பதால் அம்பை எந்தப் பக்கமும் வைத்துக்கொள்ளலாம். நல்ல வில்லில் கைப்பிடிக்கு மேலே பக்கவாட்டில் ஆழமாக வெட்டியிருப்பார்கள். அம்பு நடுக்கோட்டை ஒட்டி நேராகப் போவதற்காக. வலக்கைப் பழக்கம் உள்ளவர் வில்லை இடக்கையில் பிடித்து வலக்கையால் நாணை இழுப்பார். அவருக்கு வெட்டு இடப்பக்கம் வர வேண்டும். இடக்கைப் பழக்கம் என்றால் அப்படியே மாறும்.

ஷார்ஜாவில் ஒரு கதவுக்கு அளவெடுக்கப் போனால் ஜாஃபர் கேட்கும் முதல் கேள்வி, இடக்கைக் கதவா, வலக்கைக் கதவா என்பதுதான். அதைக் கேட்காமல் செய்த கதவு எவ்வளவு அழகாக இருந்தாலும் வாசலில் மாட்ட முடியாது. இங்கே அதை அவர் யாரிடமும் கேட்கவில்லை. மகள் எதிரே உட்கார்ந்து வலக்கையால் சாப்பிடுவதைத் தினமும் பார்க்கிறார். வலக்கையால் எழுதுவதையும் பார்த்திருக்கிறார். இதில் கேட்க என்ன இருக்கிறது? இடப்பக்கம் வெட்டினார்.

மழைக்குப் பள்ளி லீவு விட்ட வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து, சாப்பாடும் முடிந்த பிறகு, போர்வையில் சுற்றிய வில்லை எடுத்து அவளிடம் கொடுத்தார். வார்னிஷ் பூசிய வேங்கை கருஞ்சிவப்பாக மின்னியது. அஃப்ரீன் அதை முதலில் வலக்கையில் பிடித்தாள். கட்டைவிரலால் வெட்டைத் தடவிப் பார்த்தாள். பிறகு இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள். இதையெல்லாம் ஜாஃபர் பார்த்தார். புதுச் சாமானைப் பிள்ளை திருப்பித் திருப்பிப் பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

“நல்லாருக்கு அத்தா” என்றாள்.

சைத்தூன் பீவி எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு உள்ளே போனார். வில் என்றால் எந்தப் பக்கம் என்ன என்பது அவருக்குத் தெரியாது.

திங்கட்கிழமை மங்களாம்பிகை டீச்சரிடமிருந்து போன் வந்தது, வந்துவிட்டுப் போங்கள் என்று. வேலையைப் பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று ஜாஃபர் சட்டையை மாற்றிக்கொண்டு போனார். டீச்சர் முதலில் பாராட்டவும் செய்தார். இப்படி ஒரு வில்லை இந்தப் பக்கத்தில் பார்த்ததில்லை என்றார். பிறகு, காலையிலிருந்து பிள்ளை அதைப் பிடிக்காத கையில் பிடித்து எய்துகொண்டிருக்கிறாள், அம்பெல்லாம் வேலிக்கு வெளியே போகிறது, கேட்டால் பழகிக்கொள்கிறேன் மிஸ் என்கிறாள் என்றார்.

“பிடிக்காத கைன்னா?”

“அஃப்ரீன் இடக்கைங்க.” டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்.”

ஜாஃபர் என்ன சொல்லிவிட்டு அங்கிருந்து கிளம்பினார் என்று அவருக்கே நினைவில்லை. வீட்டுக்கு வந்தபோது சைத்தூன் பீவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கேட்டதும் முறம் நின்றது.

“உங்கம்மாதான்” என்றார். “‘புள்ள பீச்சாங்கையால சோத்த அள்ளுது, உனக்கு வளர்க்கத் தெரியலை’ன்னு வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்லுவாங்க. சாப்பாட்டு நேரத்துல துப்பட்டாவால கட்டிடுவேன். அழுவும். அப்புறம் பழகிடுச்சு. எழுதறதும் அப்படித்தான். மத்ததுக்கெல்லாம், பெருக்கறது, கல்லெறியறது, அதெல்லாம் அந்தக் கைதான்.”

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

“எப்ப சொல்றது? வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போன் பண்ணுவீங்க. சாப்டியா, ஓதுனியா, பணம் வந்துச்சா. அதுல இத எங்க சொல்றது?”

“புள்ள கைய கட்டிப் போட்டிருக்கே.”

“நீங்க இருந்திருந்தா நீங்களும்தான் கட்டிருப்பீங்க.”

இருந்திருந்தால் கட்டியிருப்பார்தான். ஆனால் கட்டியவருக்கு எந்தக் கை என்றாவது தெரிந்திருக்குமே.

புதிதாக ஒன்று செய்ய நாளில்லை. மழை விடவில்லை, பசை காயாது. வில்லைத் தூக்கிக்கொண்டு மறுபடி கொட்டகைக்குப் போனார். இடப்பக்க வெட்டில் வேங்கைத் துண்டை வைத்து ஒட்டி அடைத்துவிட்டு, வலப்பக்கம் புதிதாக வெட்டப்போவதாகச் சொன்னார். முருகையன் வில்லை வாங்கிக் கைப்பிடியைப் பார்த்தார்.

“நடுவுல என்னடா மிச்சம் இருக்கு? இந்தப் பக்கமும் வெட்டினா விரல் தடிமன்தான் நிக்கும். அடைச்ச துண்டு இழுவையத் தாங்குமா?”

“நூல் சுத்தி பசை போட்டு இறுக்கிடுவேன்.”

“நீ மேஸ்திரி, உனக்கு நான் சொல்லக்கூடாது. இத வூட்ல மாட்டி வையி. புள்ள ஸ்கூல் வில்லுலயே அடிக்கட்டும்.”

ஷார்ஜாவில் கையாள் ஒருவன் இப்படி ஒரு ஒட்டோடு வந்து நின்றிருந்தால் ஜாஃபர் அதைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்திருப்பார். இது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் வெட்டினார். மகள் தன் வாழ்நாளில் முதன்முதலாக, அத்தா செய்தது என்று ஒன்றைக் கையில் வைத்திருக்கிறாள். அதைத் திரும்ப வாங்கிச் சுவரில் மாட்ட அவருக்கு மனசு வரவில்லை. புது வெட்டோடு கொடுத்தபோதும் அஃப்ரீன் நல்லாருக்கு என்றுதான் சொன்னாள். இந்த முறை வலக்கையிலேயே பிடித்துக்கொண்டு சொன்னாள்.

தேர்வன்று தஞ்சாவூரில் மழை விட்டிருந்தது. மைதானத்தில் கயிறு கட்டி, பெற்றோரை அதற்கு அந்தப் பக்கம் நிறுத்தியிருந்தார்கள். பள்ளியிலிருந்து வந்த இன்னொரு பெண் கயல்விழி. அவளுக்குப் பள்ளி வில். டீச்சர் அஃப்ரீனுடைய வில்லின் நூல் சுற்றிய கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். அவருக்கு ஏதோ சரியாகப் படவில்லை. கயல்விழி முறை முடிந்ததும் அதே வில்லில் நீயும் எய்துகொள், உன்னைப் பின்னால் உள்ள வரிசைக்கு மாற்றிக் கேட்கிறேன், தூரத்தில் மார்க் குறைந்தாலும் கிட்டத்தில் எடுத்துவிடலாம் என்று அஃப்ரீனிடம் சொன்னார்.

அஃப்ரீன் கயிற்றுப் பக்கம் திரும்பினாள். அங்கே அத்தா நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்திருந்தார்.

“இதுலயே அடிக்கிறேன் மிஸ்” என்றாள்.

பக்கத்துப் பக்கத்தில்தான் இருவரும் கோட்டில் நின்றார்கள். அஃப்ரீன் வலக்கையில் வில்லை ஏந்தி, இடக்கையால் நாணைக் கன்னம் வரை இழுத்தாள். தோள் அசையவில்லை. அம்பு போனது. நட்டநடுவில் இருக்கும் மஞ்சள் வட்டம். அடுத்ததும் மஞ்சள். ஜாஃபருக்குக் கண் கலங்கிவிட்டது. மகளின் இடக்கை இவ்வளவு அழகாக வேலை செய்யும் என்று அவர் அன்றுதான் பார்த்தார். பக்கத்தில் நின்ற யாரிடமோ, அந்த வில்லு நான் செஞ்சது என்றார்.

மூன்றாவது அம்பை இழுத்தபோது பச்சைக் கரும்பை ஒடித்ததுபோல ஒரு சத்தம். கைப்பிடி இரண்டாகப் பிளந்தது. மேல்பாதி துள்ளி வந்து அவள் புருவத்தில் அடித்துவிட்டு, நாணில் தொங்கியது. அடைத்த துண்டு தனியாகப் புல்லில் கிடந்தது.

நடுவர் கையைத் தூக்கி, வேறு வில் இருக்கிறதா என்று கேட்டார். இருந்த ஒரு வில் அப்போது கயல்விழியின் கையில், இழுத்த நிலையில் இருந்தது. ஒதுக்கிய நேரம் ஓடியது. அஃப்ரீன் முறிந்ததைக் கையில் பிடித்தபடியே, கோட்டை விட்டு நகராமல், மணி அடிக்கும்வரை இலக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். புருவத்திலிருந்து இரத்தம் கோடாக இறங்கியது. அவள் துடைக்கவில்லை. கயிற்றைத் தாண்ட ஜாஃபர் காலைத் தூக்கியபோது காவலுக்கு நின்றவர் தடுத்துவிட்டார்.

கயல்விழியைத் தேர்ந்தெடுத்தார்கள். அவளும் நன்றாகத்தான் எய்தாள்.

கும்பகோணம் பஸ்ஸில் திரும்பி வரும்போது அஃப்ரீன் அவருக்கு ஜன்னலோர இடத்தைக் கொடுத்துவிட்டு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். மகள் திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார். அழுவாள் என்றும் பார்த்தார். அம்மாவை அதட்டுவதுபோலத் தன்னையும் ஒரு முறை, ஏன் இப்படிச் செய்தாய் என்று ஒருமையில் அதட்டிவிட்டால் போதும் என்று இருந்தது. வழியில் மானாங்கோரை ஊரைத் தாண்டும்போது அவள் வாய் திறந்தாள்.

“பரவால்ல அத்தா. வில்லு நல்லாத்தான் இருந்துச்சு.”

அந்த வார்த்தைக்குப் பிறகு அவர் அந்த வீட்டில் நிலைகொள்ளவில்லை. கொட்டகைப் பக்கம் போகவில்லை. முருகையன் கூப்பிட்டுப் பார்த்து ஓய்ந்துவிட்டார். ஷார்ஜாவில் பழைய கூட்டாளி ஒருவர் வேறு கம்பெனியில் இடம் இருப்பதாகச் சொன்னதும், யாரோடும் கலந்து பேசாமல் பாஸ்போர்ட்டை அனுப்பிவிட்டார். பெட்டியை அஃப்ரீன்தான் அடுக்கினாள், ஒரு சட்டைகூடக் கசங்காமல். வழியனுப்புவது சைத்தூன் பீவிக்குப் பழகிய வேலை.

அப்படிப் போகும்போதுதான் கடைத்தெருவில் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அஃப்ரீன் இப்போது பாபநாசத்தில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறாள். புருவத்தில் தழும்பு இருக்கிறது. அவளிடம் நான் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. வந்தவருக்கு மாத்திரையை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டுப் பதில் சொன்னாள்.

“அத்தா லீவுல வர்றதுக்கு முன்னாடியே அம்மா சொல்லிக் குடுத்துரும். அவங்க கொஞ்ச நாள்தான் இருப்பாங்க, அழாத, எதுவும் குறை சொல்லாத, எது கொண்டுவந்தாலும் நல்லாருக்குன்னு சொல்லு. ஒரு தடவை ஷூ கொண்டுவந்தாங்க. சின்னது. விரல் மடங்கிக்கும். அவங்க ஊருக்குப் போற வரைக்கும் அதத்தான் போட்டுட்டு நடந்தேன். எங்க தெருவுல எல்லாப் புள்ளைங்களும் அப்படித்தான்.”

கொஞ்சம் நிறுத்தி, “இந்தத் தடவ அவங்க போகவே மாட்டாங்கன்னு யாரும் எனக்குச் சொல்லலை” என்றாள்.

இதை ஜாஃபர் சாதிக்குக்குப் போன் செய்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதினேன். இதைப் படிக்கிற நீங்கள், உங்களுக்குத் தெரிந்து வளைகுடாவில் இருக்கும் ஒரு அத்தாவுக்கோ, வாப்பாவுக்கோ, அப்பாவுக்கோ இதை அனுப்புங்கள். அவரையும் இன்னொருவருக்கு அனுப்பச் சொல்லுங்கள். அப்படியே கைமாறிக் கைமாறி ஷார்ஜாவில் கதவு மாட்டிக்கொண்டிருப்பவருக்கும் ஒரு நாள் போய்ச் சேரட்டும்.